ஒற்றைக் கையால் திறக்க வராத முதலுதவிப் பெட்டி

ராமநாதபுரம் மாவட்டக் கரையில், மாரியூருக்கும் வாலிநோக்கத்துக்கும் இடையே, உப்பளங்களின் பின்புறமாகவும் சீமைக்கருவேலங்காட்டுக்குள்ளும் மண் தடங்கள் ஓடுகின்றன. மீன் ஏற்ற வருகிறவர்கள், கரிமூட்டத்துக்கு விறகு எடுப்பவர்கள், கம்பி இழுப்பவர்கள், என்னைப் போலக் குடிநீர் இயந்திரம் பழுது பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் அவைதான் வழி. நிலத்தடி நீர் உப்பாகிப்போன கரையோரக் குடியிருப்புகளில் சிறிய ஆர்.ஓ. இயந்திரங்களைப் பராமரிப்பது என் பிழைப்பு. அதற்காகவே ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வைத்திருக்கிறேன். அந்த ஜீப்போடு தனியாக மாட்டிக்கொண்ட ஒரு மாலையையும், அதனால் போன பணத்தையும், இன்று வண்டியில் என்னென்ன வைத்திருக்கிறேன் என்பதையும் எழுதுகிறேன். இப்படி யாராவது முன்பே எழுதியிருந்தால் எனக்கு ஒரு கையளவு ரத்தமாவது மிஞ்சியிருக்கும்.

ஆடி மாதம். கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு குடியிருப்பில் வேலை முடித்து, கிழக்குக் கடற்கரைச் சாலையை எட்டுவதற்காக வழக்கமான தடத்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். அந்த வாரத்தில்தான் உப்பளத்துக்குக் கடல்நீர் கொண்டுபோகும் வாய்க்காலின் கரை ஓரிடத்தில் உடைந்து, நீர் தடத்துக்கு அடியில் ஊறியிருக்கிறது. மேலே பார்த்தால் வழக்கம்போல வெள்ளைப் பூத்த, காய்ந்த தரை. முந்தைய வண்டிகளின் டயர்த் தடங்கள்கூட அப்படியே இருந்தன. முன் சக்கரம் ஏறியதும் அந்த மேல் ஏடு அப்பளம்போல் உடைந்தது. அடியில் கறுத்த, நாறும் சேறு. நான்கு சக்கரமும் மெதுவாக, பலமாகச் சுற்றும் ‘ஃபோர் வீல் லோ’ கியரில் போட்டு மெதுவாகப் பின்னால் எடுக்கப் பார்த்தேன். நான்கு சக்கரமும் சுற்றின, வண்டி அச்சு வரை இறங்கியது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தனுஷ்கோடிப் பக்கத்து மணலில் ஓட்டிப் பழகியவர்கள் எல்லாவற்றையும் மணல் என்றே நினைக்கிறார்கள். மணலில் டயர்க் காற்றைப் பதினைந்து, பதினெட்டு பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் டயர் அகன்று பரவி, வண்டி மேலே மிதந்து போகும். முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் 2017-இல் தார்ச்சாலை திறக்கும்வரை, பயணிகளை ஏற்றிக்கொண்டு மணலிலும் கடல்நீரிலும் போன வேன்காரர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. உப்புச் சேற்றில் இந்த வித்தை பாதிதான் பலிக்கும். அடியில் பிடிமானமே இல்லாதபோது டயர் எவ்வளவு அகன்றால் என்ன? அங்கே ஆக்சிலேட்டரை மிதிப்பதை உடனே நிறுத்திவிட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் சேற்றை வாரி எறிந்து, பனை மட்டையோ பலகையோ கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மிதிக்கும் வண்டி இன்னும் ஆழம் போகும். என்னிடம் மண்வெட்டி இருந்தது, கயிறு இருந்தது, ஜாக்கி இருந்தது, ஜாக்கிக்கு அடியில் கொடுக்க ஒரு பலகையும் இருந்தது. அதனால் பெரிய பதற்றம் இல்லை. அரை மணி நேர வேலை என்றுதான் நினைத்தேன்.

பலகை வைத்து, ஜாக்கி ஏற்றி, முன் சக்கரம் ஒரு சாண் எழும்பியது. அதன் அடியில் கருவேல விறகுகளைத் திணித்துக்கொண்டிருந்தேன். பலகையின் ஒரு ஓரம் சேற்றில் அமுங்கி ஜாக்கி சாய்ந்தது. வண்டி பக்கவாட்டில் ஒரு நழுவு நழுவி இறங்கியது. கையை இழுத்துவிட்டேன், ஆனால் மட்கார்டின் ஓரம் முன்கையைக் கிழித்துக்கொண்டு போனது. கடற்காற்றில் துருப்பிடித்து இற்றுப்போன தகடு அது. இந்தக் கரையில் ஓடும் எந்த வண்டியின் மட்கார்டையும் தடவிப் பாருங்கள், கத்தி எங்கே இருக்கிறது என்று தெரியும். முதலில் வலி இல்லை. இடது முன்கையின் உட்புறத்தில் வாய் திறந்தாற்போல ஒரு வெட்டு. வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பிறகு அது சிவப்பால் நிரம்பி விரல் வழியாகச் சேற்றில் ஒழுகத் தொடங்கியது. நான் சத்தம் போட்டேன். யாரும் இல்லை என்று தெரிந்தும் ஏன் சத்தம் போட்டேன் என்று இன்றும் புரியவில்லை.

முதலுதவிப் பெட்டி வண்டியில் இருந்தது. ராமநாதபுரத்தில் ஒரு கடையில் உதிரிப் பொருட்களோடு வாங்கியது, சிவப்புச் சிலுவை போட்ட ரெக்சின் பை. அது பின் இருக்கைக்கு அடியில், உப்பை வடிகட்டும் மெம்பிரேன் குழாய்களுக்கும் மோட்டாருக்கும் பின்னால் இருந்தது. வலது கையால் இடது கையை அழுத்திப் பிடித்திருந்தேன். மோட்டாரை நகர்த்த வேண்டுமானால் அழுத்துவதை விட வேண்டும். விட்டேன், ரத்தம் பாய்ந்தது, நகர்த்தினேன், மறுபடி அழுத்தினேன். இப்படி விட்டு விட்டுப் பிடித்துப் பையை வெளியே எடுத்தால் ஜிப் உப்பேறி இறுகியிருந்தது. ஒரு கை ஜிப்பை இழுக்க, இன்னொரு கை பையைப் பிடித்தாக வேண்டும். கடைசியில் பல்லால் இழுத்துத் திறந்தேன். உள்ளே சின்னச் சின்னப் பிளாஸ்டர்கள் இருந்தன. அவற்றின் பசை வெயிலில் உருகித் தாளோடு தாளாக ஒட்டிப்போயிருந்தது. கிருமிநாசினிப் புட்டியின் மூடி வெடித்து, மருந்து வற்றி, அடியில் பழுப்புக் கறை மட்டும். கத்தரிக்கோல் துருவேறித் திறக்கவில்லை. விரலுக்குச் சுற்றலாம் என்ற அளவில் ஒரு மெல்லிய கட்டுத்துணி. பிறகு ஒரு பஞ்சுச் சுருள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், என் பஞ்சுச் சுருள் பறந்து கருவேல முள்ளில் மாட்டிக்கொண்டது. எந்த விபத்தை மனத்தில் வைத்து இந்தப் பைகளைத் தயாரிக்கிறார்கள்? பென்சில் சீவும்போது விரல் அறுபடுவதற்கு மேல் அவர்களுடைய கற்பனை போனதாகத் தெரியவில்லை.

கழுத்தில் கிடந்த துண்டுதான் உதவியது. அதை நான்காக மடித்துக் காயத்தின் மேல் வைத்து, வண்டியின் நிழலில் உட்கார்ந்து, முழங்காலை மடக்கி, தொடைக்கும் வயிற்றுக்கும் இடையில் முன்கையைக் கொடுத்து உடம்பின் எடையால் அழுத்தினேன். இது யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, வேறு வழி தெரியாமல் செய்தது. பிறகு மருத்துவமனையில் சொன்னார்கள், செய்த காரியம் சரிதான் என்று. ரத்தம் நிற்பது அழுத்தத்தால்தான், மருந்தாலோ பஞ்சாலோ அல்ல. குறைந்தது பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று இடையில் துணியைத் தூக்கிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் உறையத் தொடங்கியது பிய்ந்துபோகும். துணி நனைந்தால் அதை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொரு துணி வைக்க வேண்டும். நான் இரண்டு முறையாவது தூக்கிப் பார்த்திருப்பேன், மனம் கேட்கவில்லை. வேகம் குறைந்ததும், ஒயர் சுற்றும் கறுப்பு டேப்பை எடுத்து, துண்டைச் சுற்றி இறுக்கி ஒட்டினேன். அதுவும் பல்லால்தான். அந்த மாலையில் என் வண்டியில் இருந்தவற்றில் உருப்படியான மருத்துவப் பொருள் அந்த டேப்தான்.

அடுத்தது போன். ஒரு கோடு சிக்னல், வந்து வந்து போனது. 108-ஐ அழைத்தேன், கிடைத்தது. எடுத்த பெண் நிதானமாகத்தான் கேட்டார்: எந்த மாவட்டம், எந்த வட்டம், எந்த ஊர், அருகில் என்ன அடையாளம்? எனக்கு ஊர் இல்லை. அந்த இடத்துக்குப் பெயர் இல்லை. உப்பளத்துக்குப் பின்னால் என்றேன். எந்த உப்பளம் என்று கேட்டார். காற்று இரைச்சலில் எனக்கு அவர் பேச்சும் அவருக்கு என் பேச்சும் பாதிதான் கேட்டிருக்கும். அழைப்பு அறுந்தது. உதவி எங்கோ இருக்கிறது, அதற்கு என்னைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை என்ற நிலைதான் அன்று என்னை உண்மையில் நடுங்கவைத்தது. வெட்டுப்பட்டபோதுகூட அவ்வளவு பயம் வரவில்லை. அழுகை வந்தது, அழுதேன்.

பெயரில்லாத இடத்தைச் சொல்லத் தெரிந்துகொள்வதும் முதலுதவிதான். போனில் உள்ள வரைபடத்தில் நீங்கள் நிற்கும் நீலப் புள்ளியை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். இந்த மாவட்டத்துக் கரையில் முதல் எண் 9 என்று தொடங்கும், இரண்டாவது 78 அல்லது 79 என்று தொடங்கும். அவைதான் உங்கள் முகவரி. இருப்பிடம் காட்டும் ஜி.பி.எஸ். வேலை செய்ய இணையம் தேவையில்லை. வரைபடத்தை மட்டும் முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு நிற்காத இடத்திலும் குறுஞ்செய்தி பெரும்பாலும் போய்விடும். அந்த எண்களை வீட்டுக்கும் நண்பர் ஒருவருக்கும் குறுஞ்செய்தியாக அனுப்பினால், நல்ல சிக்னல் உள்ள அவர்கள் 108-க்குப் பேசிவிடுவார்கள். உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லாதபோதும் வேறு நிறுவனத்தின் சிக்னல் எட்டினால் 112 என்ற அவசர எண்ணுக்கு அழைப்பு போக வாய்ப்புண்டு. மின்கம்பத்தில் எண் எழுதியிருந்தால் அதுவும் நல்ல அடையாளம். இன்னொன்று, ஆம்புலன்ஸ் தார்ச்சாலை வரைதான் வரும், சேற்றுத் தடத்துக்குள் வராது, வரச் சொல்வதும் நியாயமில்லை. ஆகவே எந்தச் சாலையில் எந்த இடத்துக்கு நீங்கள் வந்து சேர முடியும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நான் என் மனைவிக்கு எண்களை அனுப்பினேன். அவள் பதற்றத்தை அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் பேசி முடித்தாள். அது எனக்கு இரவுதான் தெரிந்தது, ஏனென்றால் அவளுடைய பதில் என் போனுக்கு வந்து சேரவே இல்லை.

இதற்கிடையில் தாகம். ரத்தம் போனால் நாக்கு வறளும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அனுபவித்தது அன்றுதான். வண்டியில் இருபது லிட்டர் கேன் ஒன்று வைத்திருந்தேன். வண்டி நழுவியபோது மோட்டார் அதன் மேல் உருண்டு, அடி விரிசல் விட்டு, தண்ணீர் முழுவதும் வண்டித் தரையில். குடிநீர் இயந்திரம் பழுது பார்க்கிறவன், வண்டி நிறையச் சுத்திகரிப்புச் சாமான்களை வைத்துக்கொண்டு, இருக்கை மடிப்பில் தேங்கிய தண்ணீரைத் துணியில் ஊறவைத்துப் பிழிந்து குடித்தேன். இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை.

நடப்பதா, வண்டியோடு இருப்பதா? வண்டியை விட்டுப் போகாதே என்பது பொதுவான அறிவுரை. தேடி வருகிறவர்களுக்கு மனிதனைவிட வண்டி கண்ணில் படும், நிழலும் உண்டு, ரத்தம் போன உடம்போடு நடந்தால் மயங்கி விழலாம். ஆனால் இருட்டினால் இந்தத் தடத்தில் காலைவரை யாரும் வரமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். வண்டியின் எச்சரிக்கை விளக்குகளைச் சிமிட்டவிட்டு, ஹாரனை விட்டு விட்டு அடித்துக்கொண்டு, காலைத் தூக்கி மூட்டை மேல் வைத்துப் படுத்துக் கிடந்தேன். ஹாரன் சத்தத்தைக் காற்று எதிர்த்திசைக்குக் கொண்டுபோனது. விளக்கைத்தான் பார்த்திருக்கிறார் கரிமூட்டத்துக் காவல்காரர் ஒருவர். உப்பளத்துக்கு அந்தப்புறம் இருந்து, டிவிஎஸ் ஐம்பதில், பாதி ஓட்டியும் பாதி தள்ளியும் வந்து சேர்ந்தார்.

“தம்பி, கையைத் தொங்கவிடாதே, நெஞ்சுக்கு மேலே பிடி” என்பதுதான் அவருடைய முதல் பேச்சு. மரம் வெட்டும் இடத்தில் அரிவாள் வெட்டுகளைப் பார்த்துப் பழகியவர். தன் தண்ணீர்ப் புட்டியைக் கொடுத்தார், மளமளவென்று குடிக்கவிடாமல் வாய் வாயாகக் கொடுத்தார். என் விரலில் இருந்த மோதிரத்தைப் பார்த்து, “வீங்கினால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்” என்று சொல்லி எச்சில் தடவிக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டார். என்னை முன்னால் உட்காரவைத்து, கீழே விழுந்துவிடாமல் இரு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு தார்ச்சாலைக்குக் கொண்டுவந்தார். ஆம்புலன்ஸ் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தது. அதற்குள் ஏறும்வரை கூடவே இருந்தவர், பெயர் கேட்டதும் பின்வாங்கினார். “கேஸ் ஆகுமா அண்ணே?” என்று ஓட்டுநரிடம் கேட்டார். அந்தப் பயம் எல்லோருக்கும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் கொண்டுவந்த திருத்தத்தில் 134ஏ என்ற பிரிவு இருக்கிறது. வண்டி விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவர் மீது வழக்குப் போட முடியாது, பெயர் முகவரி சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. உங்கள் வண்டியில் உதவியாளராக வருகிறவர்களிடமும், போகிற ஊர்களில் தெரிந்தவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

மருத்துவமனைப் பகுதியைச் சுருக்கிவிடுகிறேன். முதலில் பக்கத்து அரசு மருத்துவமனை. காயத்தைக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டு, நடுவிரலும் மோதிர விரலும் மடங்கவில்லை என்று பார்த்து, ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். தசைநார் அறுந்திருந்தது, அறுவை சிகிச்சை செய்து சேர்த்தார்கள். அங்கே கேட்ட கேள்விகளை எழுதுகிறேன், உங்களுக்குத் தயாராக இருக்கும். கடைசியாக எப்போது சாப்பிட்டாய், எப்போது தண்ணீர் குடித்தாய்? மயக்க மருந்துக்காகக் கேட்பது. கடைசி டெட்டனஸ் ஊசி எப்போது? அழுக்கான காயம் என்றால், ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தால் மறுபடி போடுவார்கள். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா? கடல்நீரோ உப்புச் சேறோ காயத்தில் பட்டதா? இந்தக் கடைசிக் கேள்வியை அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். கடல்நீரில் வாழும் சில கிருமிகள் காயத்தில் வேகமாகச் சீழ் வைக்கக்கூடியவை, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இன்னும் ஆபத்து, அதைப் பொறுத்து மருந்து மாறலாம்.

சிகிச்சைக்கு அரசு மருத்துவமனையில் பணம் கேட்கவில்லை. பணம் போனது வேறு வழிகளில். மறுநாள் டிராக்டர் கொண்டுபோய் இழுத்துப் பார்த்து அதுவும் புதையப் போனதால், ஜேசிபி வரவழைக்க 7,500 ரூபாய். உப்புச் சேற்றில் இரவு முழுவதும் நின்றதில் சக்கர பேரிங்குகள், பிரேக், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் சேர்த்து மெக்கானிக்குக்கு 22,400. உப்புநீர் பட்ட வண்டியை அன்றே நல்ல தண்ணீரால் அடியிலிருந்து கழுவியிருந்தால் பாதி மிஞ்சியிருக்கும் என்றார் மெக்கானிக். வண்டியை வெளியே எடுத்தவர்கள் கழுவாமலே கொட்டகையில் விட்டுவிட்டார்கள். கை கட்டிலிருந்த காலத்தில் என் இடத்தில் வேலை செய்த பையனுக்குச் சம்பளம் 24,000. ஒரு குடியிருப்பின் பராமரிப்பு ஒப்பந்தம் கைவிட்டுப் போனது, அதைக் கணக்கில் சேர்க்க மனம் வரவில்லை. நல்ல முதலுதவிப் பெட்டி இருந்திருந்தால் தசைநார் அறுந்திருக்காது என்று நான் சொல்லமாட்டேன். தகடு தகடுதான். ஆனால் அவ்வளவு ரத்தம் போயிருக்காது, அவ்வளவு பயமும் இருந்திருக்காது.

இப்போது வண்டியில் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன். ஓட்டுநர் இருக்கையின் பக்கவாட்டில், உட்கார்ந்தபடியும் வெளியே நின்றபடியும் வலது கை எட்டும் இடத்தில் ஒரு சின்னப் பை. ஜிப் கிடையாது, ஒட்டிப் பிரிக்கும் பட்டைதான். அதில் ஆறு அங்குல அகல கிரேப் பேண்டேஜ் இரண்டு, காயத்தின் மேல் வைக்கும் மெல்லிய வலைத்துணி மடிப்பான பெரிய காஸ் பேட் கட்டு ஒன்று, கையுறை, விசில், தலையில் மாட்டும் டார்ச், ரத்த வகையும் ஒத்துக்கொள்ளாத மருந்தும் வீட்டு எண்ணும் எழுதிய அட்டை. அவ்வளவுதான். இழுவை உள்ள கிரேப் பேண்டேஜை ஒரு கையாலேயே சுற்ற முடியும். முனையை விரலிடுக்கில் கொடுத்துத் தொடங்கினால் போதும், வீட்டில் உட்கார்ந்து பழகிப் பாருங்கள். சானிட்டரி நாப்கின் வைத்தால் போதும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது ரத்தத்தை உறிஞ்சும், நிறுத்தாது. எவ்வளவு போகிறது என்பதையும் மறைத்துவிடும். காஸும் அழுத்தமும்தான் வழி. ரத்தத்தை நிறுத்தக் கையையோ காலையோ மேலே இறுக்கிக் கட்டும் டூர்னிகே பட்டை ஒன்றும் வாங்கியிருக்கிறேன். எவ்வளவு அழுத்தியும் நிற்காமல் பீய்ச்சும்போது மட்டும் அது. காயத்துக்கு நான்கு விரல் மேலே, மூட்டின் மேல் படாமல் கட்டி, கட்டிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும், மருத்துவமனை வரை அவிழ்க்கக் கூடாது. கயிறும் கம்பியும் அதற்கு மாற்றல்ல, அவை சதையை அறுக்கும். சொல்லிக்கொடுத்தவரிடம் செய்து காட்டிப் பழகாமல் அதைத் தொட வேண்டாம்.

பின்னால் காற்றுப் புகாத மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் டப்பா. தகர டப்பா இந்தக் கரையில் ஆறு மாதம் தாங்காது. அதில் காயம் கழுவ அரை லிட்டர் சலைன் புட்டி இரண்டு, போவிடோன் அயோடின் களிம்பு, துருப்பிடிக்காத கத்தரிக்கோல், முள் எடுக்கும் இடுக்கி, பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், முக்கோணமாக மடித்துக் கையைத் தொங்கவிட ஒரு பழைய வேட்டித் துண்டு, கைகாலை அசையாமல் வைத்துக் கட்டும் சிம்புக்கு இரண்டு மூங்கில் பட்டை. இடுக்கியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறி உள்ளே ஒடிந்துவிட்டால் எத்தனை நாளைக்கு வேலை கெடும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு, இருநூறு மில்லிக்கு என்று அளவு போட்டிருக்கும், அதன்படியே கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், குத்துமதிப்புத் தண்ணீர் என்று செய்யக் கூடாது. தண்ணீரை ஐந்து லிட்டர் கேன்களாகப் பிரித்து, வண்டியின் இரண்டு பக்கங்களில் பட்டை போட்டு இறுக்கியிருக்கிறேன். ஒன்று உடைந்தால் இன்னொன்று. மோட்டாரும் சாமான்களும் இப்போது தனிக் கொக்கிகளில். கட்டாத பொருள் ஒவ்வொன்றும் வண்டி சாயும்போது உங்களை நோக்கித்தான் வரும்.

மூடி நிறுத்திய வண்டிக்குள் சித்திரை வெயிலில் ஏறும் சூட்டில் பசை உருகும், மாத்திரை கெடும். அதனால் சித்திரை பிறக்கும்போது ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை எல்லாவற்றையும் வெளியே கொட்டித் தேதி பார்த்து மாற்றுகிறேன். மாத்திரைகளை மட்டும் தினமும் தோள்பையில் எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவருவது இன்னும் நல்லது. நான் பல நாள் மறந்துவிடுகிறேன்.

பாம்பைப் பற்றிக் கேட்பார்கள். இந்த வறண்ட கரையில் சுருட்டை விரியன் உண்டு, விறகு புரட்டும்போதுதான் பெரும்பாலும் கடிக்கும். அதற்கு வண்டியில் வைத்துக்கொள்ள மருந்து எதுவும் இல்லை, விஷமுறிவு மருந்து மருத்துவமனையில் மருத்துவர் கண்காணிப்பில் ஏற்றுவது. கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ மூங்கில் பட்டை வைத்து அசையாமல் கட்டி, நடக்கவிடாமல் கொண்டுபோங்கள். கரையில் இறங்கி வலை இழுக்க உதவப் போய்த் திருக்கை முள் குத்தினால், பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில் அந்த இடத்தை அரை மணி நேரமாவது ஊறவையுங்கள், வலி இறங்கும். அதற்காகவே ஒரு பிளாஸ்கில் வெந்நீர் எடுத்துப் போகிறேன். ஊற்றும் முன் நல்ல கையால் சூடு பாருங்கள், வலியில் தெரியாமல் தோல் வெந்துபோனவர்கள் உண்டு. பாதிநாள் அந்தப் பிளாஸ்க் தேநீருக்குத்தான் பயன்படுகிறது என்பது வேறு.

எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 3,000 ரூபாய் ஆனது. பெரும்பாலானவை சாதாரண மருந்துக் கடையிலேயே கிடைத்தன. வெளிநாட்டு ஜீப்காரர்கள் வைத்திருப்பதைப் பார்த்து ஆசைப்பட்டு பத்தாயிரத்துக்குக் கருவிகள் வாங்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் ஜாக்கிக்கு அடியில் கொடுக்க அகலமான கனத்த பலகை ஒன்றும், சக்கரத்துக்குக் கொடுக்க முட்டுக்கட்டைகளும் வாங்குங்கள். மட்கார்டு ஓரங்களைத் தேய்த்து ரப்பர் விளிம்பு போட்டுவிடுங்கள். எனக்கு அதற்கு ஆன செலவு மிகக் குறைவு.

கரிமூட்டத்து அண்ணனுக்கு ஒரு வேட்டியும் பழமும் கொண்டுபோனேன். வேட்டியை வாங்கிக்கொண்டு, “அந்த இழுவைக் கட்டுத்துணி இருந்தால் இரண்டு கொடு, இங்கே வாரத்துக்கு ஒருவனாவது அரிவாளால் வெட்டிக்கொள்கிறான்” என்றார். என் பெட்டியைப் போலவே ஒன்று தயார் செய்து கொடுத்தேன், தீப்புண்ணுக்குச் சுத்தமான தண்ணீர் ஊற்றுவதைப் பற்றியும் பேசிவிட்டு வந்தேன். அடுத்து அந்தப் பக்கம் போனபோது அதில் பாதி தீர்ந்திருந்தது. இப்போது இயந்திரம் பார்க்கப் போகும்போதெல்லாம் அதையும் நிரப்பிவிட்டு வருகிறேன். என்னென்ன தீர்ந்தது என்று அவர் ஓலைக் கொட்டகையின் தூணில் கரியால் எழுதி வைக்கிறார்.